கட்டுப்படுத்தப்பட்ட மாறி எங்கே? ஓர் ஆய்வுக் கட்டுரை பற்றிய திறனாய்வு

இந்தப் பகுதியில் வழக்கமாகச் சிறுகதையோ நாவலோதான் திறனாய்வுக்கு வரும். இம்முறை ஓர் அறிவியல் ஆய்வுக் கட்டுரையை எடுத்துக்கொண்டேன். "சார், இது தேர்வுக்கு வருமா?" என்று கேட்கும் மாணவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கட்டுரை வராது. ஆனால், ஒரு படைப்பின் வலிவு நலிவுகளைச் சான்றோடு எடுத்துச் சொல்லும் பயிற்சி கட்டாயம் வரும். அந்தப் பயிற்சிக்குக் கதை, கவிதை மட்டும்தான் உதவும் என்று யார் சொன்னது?

கட்டுரையை எழுதியவர் லுடோவிக் கூர்த்தெஸ். பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பொறியாளர். 'ரீசயன்ஸ் சி' என்னும் ஆய்விதழில் 2020-இல் வெளிவந்தது. அந்த இதழுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. ஏற்கெனவே வெளிவந்த ஆய்வுகளை மறுபடி செய்து பார்த்து, அதே முடிவு வருகிறதா என்று எழுதுகிறவர்களுக்கான இதழ் அது. நிக்கோலா ரூஜியே, கோன்ராட் ஹின்சென் ஆகிய இருவர் 2019-இல் ஆய்வாளர்களுக்கு ஒரு சவால் விட்டார்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் நீங்கள் வெளியிட்ட கட்டுரையின் முடிவுகளை, அன்றைக்கு எழுதிய அதே நிரலைக் கொண்டு இன்றைக்கு வரவழைத்துக் காட்டுங்கள் பார்ப்போம், என்பதே சவால்.

கூர்த்தெஸ் தம்முடைய 2006-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றை எடுத்தார். வேறு இருவரோடு சேர்ந்து எழுதியது. கையடக்கக் கருவிகள் பக்கத்தில் இருக்கும் மற்றக் கருவிகளில் தங்கள் தரவுகளுக்குக் காப்புப் பிரதி வைத்துக்கொண்டால், அந்தத் தரவை எப்படித் துண்டாக்கி, எப்படிச் சுருக்கிச் சேமிப்பது நல்லது என்பது அதன் பொருள். இன்றைக்கு அந்தப் பொருள் நமக்கு அவ்வளவு முக்கியமில்லை. பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் கழித்து அவர் அதை மறுபடி செய்த விதம்தான் முக்கியம்.

அதற்குள் போவதற்கு முன்னால் ஒரு கேள்வி. கணினி கணக்குப் போட்டால் விடை எங்கேயும் ஒன்றாகத்தானே வரும்? அதை மறுபடி செய்து பார்ப்பதில் அப்படி என்ன சிரமம்? இந்தக் கேள்விக்கு விடை தெரியாவிட்டால் கூர்த்தெஸின் கட்டுரை ஒரு வேண்டாத வேலையாகத் தோன்றும். அதனால் கொஞ்சம் சுற்றி வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2019-இல் ஹவாய்ப் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் சிலர் ஒருவகை நீலப்பச்சைப் பாசியிலிருந்து பிரித்தெடுத்த சேர்மங்களை ஆராய்ந்து வந்தார்கள். மூலக்கூறின் அமைப்பை உறுதிப்படுத்த, காந்த ஒத்ததிர்வு ஆய்வில் கிடைத்த எண்களைக் கணினி கணித்துச் சொல்லும் எண்களோடு ஒப்பிடுவார்கள். அந்தக் கணிப்பைச் செய்ய, 2014-இல் 'நேச்சர் புரோட்டோகால்ஸ்' இதழில் வெளிவந்த பைத்தான் நிரலைப் பயன்படுத்தினார்கள். பலரும் நம்பிப் பயன்படுத்திய நிரல்தான். நிரல் ஒன்று, உள்ளே கொடுத்த கோப்புகளும் ஒன்று. ஆனால் விண்டோஸ் 10-இலும் மேக் மாவரிக்ஸிலும் 173.2 என்று வந்த விடை, மேக் மொஹாவியில் 172.7 என்றும், உபுண்டு 16-இல் 172.4 என்றும் வந்தது!

காரணம் என்ன தெரியுமா? பெயர்ப் பட்டியல் வாசிக்கிற மாதிரியான ஒரு சின்ன விஷயம். ஒரு கோப்புறையில் உள்ள கோப்புகளின் பெயரைக் கொடு என்று நிரல் கணினியிடம் கேட்கிறது. சில கணினிகள் அகர வரிசையில் கொடுக்கும். சில, தங்களுக்குத் தோன்றிய வரிசையில் கொடுக்கும். நிரலை எழுதியவர்கள் எப்போதும் வரிசையாகத்தான் வரும் என்று எடுத்துக்கொண்டார்கள். வரிசை மாறியதும் ஒருவரின் மதிப்பெண் இன்னொருவரின் பெயருக்கு நேரே ஏறிவிட்ட கதையாகிவிட்டது. பட்டியலை முதலில் வரிசைப்படுத்து என்று ஓரிரு வரி சேர்த்தவுடன் சிக்கல் தீர்ந்தது. ஐந்து ஆண்டுகள் அந்த ஓரிரு வரி இல்லாமலேயே கணக்கு ஓடியிருக்கிறது.

இன்னொன்று, மருத்துவத் துறையில். மூளைப் படங்களை வைத்து மூளையின் பகுதிகளை அளக்கும் ஃப்ரீசர்ஃபர் என்ற மென்பொருளை 2012-இல் ஒரு குழு சோதித்தது. அதே ஆட்களின் அதே படங்கள்தாம். மென்பொருளின் பதிப்பு மாறியபோது பகுதிகளின் கனஅளவு சராசரியாக 8.8 விழுக்காடும், மூளைப் புறணியின் தடிமன் 2.8 விழுக்காடும் மாறின. பதிப்பை மாற்றாமல் கணினியை மட்டும் மாற்றினாலும், மேக் இயங்குதளத்தின் பதிப்பை மட்டும் மாற்றினாலும்கூட வேறுபாடு வந்தது. ஏறக்குறைய அதில் பாதி அளவுக்கு. ஒருவருடைய மூளை சுருங்குகிறதா இல்லையா என்று இதை வைத்துத்தான் முடிவு செய்யப் போகிறோம் என்றால், இது விளையாட்டான வேறுபாடு இல்லை.

தமிழாசிரியர்களுக்கு இதைப் புரிய வைக்க ஒரே சொல் போதும்: பாடபேதம். ஏட்டைப் பார்த்து ஏடு எழுதியவரின் கை மாறும்போதெல்லாம் சொல் கொஞ்சம் மாறுகிறது. எந்த ஏட்டை வைத்துப் பதிப்பித்தீர்கள் என்று பதிப்பாசிரியர் சொல்லாவிட்டால் அந்தப் பாட்டைப் பற்றி நாம் வாதாட முடியாது. கணினியில் வரும் எண்ணுக்கும் இப்படிப் பல கைகள் உண்டு. ஆய்வாளர் எழுதுவது மூலநிரல், மனிதர் படிக்கக்கூடியது. அதை இயந்திரம் ஓட்டக்கூடிய இருமக் கோப்பாக மாற்றுவது தொகுப்பி, அதாவது கம்பைலர். அது போதாதென்று கணித நூலகங்கள், அவற்றை ஒன்றாக இணைக்கும் கருவி, இவை எல்லாம் உட்காரும் இயங்குதளம் வேறு. இந்தக் கருவிகளின் வரிசையைக் கருவித்தொடர் என்று வைத்துக்கொள்வோம். வரிசையில் எந்தக் கை மாறினாலும் விடை மாறலாம்.

நம்பிக்கை வரவில்லை என்றால் வகுப்பில் உள்ள ஏதாவது ஒரு கணினியில் பைத்தானைத் திறந்து 0.1, 0.2, 0.3 மூன்றையும் கூட்டிப் பாருங்கள். முதல் இரண்டையும் முதலில் கூட்டினால் 0.6000000000000001 வரும். கடைசி இரண்டையும் முதலில் கூட்டினால் 0.6 வரும். கூட்டலில் எந்த வரிசையில் கூட்டினாலும் ஒன்றுதான் என்று ஆண்டு மூன்றிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டோம். கணினிக்கு அந்தப் பாடம் முழுசாக ஏறவில்லை! தொகுப்பிக்கு அனுமதி கொடுத்தால், வேகத்துக்காக இந்த வரிசையை அதுவே மாற்றிக்கொள்ளும். கோடிக்கணக்கான கூட்டல் நடக்கும் வானிலைக் கணக்கிலோ மூலக்கூறுக் கணக்கிலோ இந்தத் துளி பெருகி எங்கே போய் நிற்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சரி, கட்டுரைக்கு வருவோம்.

பெரும்பாலான ஆய்வாளர்கள் இதற்குச் சொல்லும் தீர்வு, நிரலை இணையத்தில் போட்டுவிட்டேன் என்பது. "என் கம்ப்யூட்டர்ல ஓடுது சார்" என்று நம் மாணவர்கள் சொல்கிறார்களே, அதன் படித்த வடிவம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் புவி இயற்பியலாளர் ஜான் கிளேர்பௌட் 1990-களின் தொடக்கத்திலேயே இது போதாது என்று சொல்லி, கட்டுரையின் படங்களை வாசகர் தம் கணினியிலேயே மறுபடி வரைந்துகொள்ளும் வகையில் தம் மாணவர்களை எழுத வைத்தார். கணினி ஆய்வில் அச்சிட்ட கட்டுரை வெறும் விளம்பரம், அந்தப் படங்களை உண்டாக்கிய நிரலும் சூழலும்தான் சரக்கு என்பது அவர் பள்ளியிலிருந்து வந்த கருத்து.

அடுத்த தீர்வு, 2013-க்குப் பிறகு பரவிய டாக்கர் போன்ற பெட்டிகள். நிரல், நூலகம், இயங்குதளத்தின் பெரும்பகுதி எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்துவிடுவது. இது கடையில் வாங்கும் உறையவைத்த ரொட்டி சானாய் மாதிரி. சூடு பண்ணினால் அதே சுவை வரும். குறை சொல்ல முடியாது. ஆனால் மாவில் என்ன போட்டார்கள், எவ்வளவு எண்ணெய் என்று பாக்கெட்டைப் பார்த்து உங்களால் சொல்ல முடியுமா? உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு செய்முறைக் குறிப்பு கூடவே வரும்தான். ஆனால் அந்தக் குறிப்பில் 'இப்போது கிடைக்கும் புதிய பதிப்பை இறக்கிக்கொள்' என்ற மாதிரியான வரிகள்தாம் பெரும்பாலும் இருக்கும். ஆறு மாதம் கழித்து அதே குறிப்பைப் பின்பற்றினால் வேறு ரொட்டி வரும்.

கூர்த்தெஸ் எடுத்த வழி வேறு. எல்லாவற்றையும் மூலநிரலிலிருந்து கட்டு. கட்டிய விதத்தையும் எழுதிவை. அதற்கு அவர் பயன்படுத்தியது குனூ கீக்ஸ் என்ற கருவி. இதை 2012-இல் தொடங்கியவரே அவர்தான். (இதன் அடிப்படைக் கருத்து, ஈல்கோ டோல்ஸ்ட்ரா நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 2006-இல் அளித்த முனைவர் பட்ட ஆய்விலிருந்தும், அவர் உருவாக்கிய நிக்ஸ் கருவியிலிருந்தும் வந்தது.) கீக்ஸில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு செய்முறை உண்டு. மூலநிரல் எது, அதன் கைரேகை எது, கட்டுவதற்கு எந்தெந்தக் கருவி வேண்டும், என்ன வரிசையில் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். கட்டும்போது மூடிய அறைக்குள் வைத்துக் கட்டும். இணையம் கிடையாது, செய்முறையில் சொல்லாத எந்தப் பொருளும் உள்ளே வராது. உள்ளே போகும் அத்தனை பொருளையும் கணக்கிட்டு உண்டாக்கிய ஒரு நீண்ட குறியீட்டையே அதற்குப் பெயராக வைக்கும். தொகுப்பியின் பதிப்பில் ஒரு புள்ளி மாறினாலும் பெயர் மாறிவிடும். ஆக, பெயரைப் பார்த்தாலே அதன் குலம் கோத்திரம் தெரிந்துவிடும்.

2020-ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர் இதை ஒரு படி மேலே கொண்டுபோனார். சோதனைக்கான மென்பொருளைக் கட்டுவது, சோதனையை ஓட்டுவது, வரும் எண்களிலிருந்து வரைபடம் போடுவது, அந்த வரைபடத்தையும் எழுத்தையும் சேர்த்துக் கட்டுரையின் பி.டி.எஃப் கோப்பை உண்டாக்குவது வரை ஒரே சங்கிலி. நீங்கள் படிக்கும் பக்கமே அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. இதற்கு அவர் எழுதிய நிரல் ஏறக்குறைய 400 வரி. 2006-இன் எண்கள் திரும்பி வந்தனவா என்பதைவிட இந்த 400 வரிதான் தம் கட்டுரையின் முதன்மையான பங்களிப்பு என்று அவரே முன்வைக்கிறார்.

இதை நான் உண்மையிலேயே மெச்சுகிறேன். 'எங்கள் முடிவுகள் நம்பகமானவை' என்று சொல்வது ஒன்று. கட்டுரையே தன் சான்றாக நிற்பது வேறு. வாசகரைப் பார்த்து, என்னை நம்பு என்று கூர்த்தெஸ் சொல்லவில்லை. இதோ வழி, நீயே நடந்து பார் என்கிறார். மொழிநடையும் அதற்கேற்ற மாதிரி அடக்கமாக இருக்கிறது.

இப்போது நலிவுகள்.

முதலாவது சின்னது. 400 வரி என்ற எண் கொஞ்சம் ஏமாற்றும். அந்த 400 வரிக்கு அடியில், மற்றவர்கள் ஆண்டுக்கணக்கில் எழுதி வைத்த ஆயிரக்கணக்கான செய்முறைகள் இருக்கின்றன. வீட்டு வாசலில் கோலம் போட ஐந்து நிமிடம்தான் ஆனது என்று சொல்லலாம். வீடு கட்டிய கணக்கு அதில் வராது. உயிரியலோ வேதியியலோ படித்த ஓர் ஆய்வாளர் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, நாமும் நாளைக்கே செய்துவிடலாம் என்று இறங்கினால், அவர் பயன்படுத்தும் மென்பொருளுக்குச் செய்முறையே இல்லாமல் தவிக்கலாம். செய்முறைகளை எழுதும் ஸ்கீம் மொழியும் அடைப்புக்குறிகள் நிறைந்த ஒன்று. அதைக் கற்க அவருக்கு யார் நேரம் கொடுப்பார்கள்?

இரண்டாவது, அளவையின் இயல்பு. தரவு எவ்வளவு சுருங்கியது என்பதை எந்தக் கணினியிலும் அளக்கலாம். எவ்வளவு நேரத்தில் சுருங்கியது என்பது அந்தக் கணினியைப் பொறுத்தது. 2006-இன் செயலியை எந்த மூலநிரலிலிருந்தும் கட்ட முடியாது. கீக்ஸின் ஆட்சி வன்பொருளின் வாசலோடு நின்றுவிடுகிறது. இயங்குதளத்தின் கருவான லினக்ஸ் கெர்னலும் அந்த வாசலுக்கு வெளியேதான்.

மூன்றாவதுதான் எனக்குப் பெரியதாகத் தெரிகிறது. ஹவாய்க்காரர்களின் கதைக்குத் திரும்பிப் போங்கள். 2014-இல் அந்த நிரலை எழுதியவர்கள் கூர்த்தெஸ் சொன்னபடியே எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டிக் கொடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? எல்லாருடைய கணினியிலும் சூழல் ஒன்றாக இருந்திருக்கும். எல்லாருக்கும் ஒரே விடை வந்திருக்கலாம். வரிசை தவறினால் கணக்கும் தவறும் என்ற ஓட்டை யாருடைய கண்ணிலும் படாமல் அப்படியே கிடந்திருக்கலாம்! விடை கணினிக்குக் கணினி மாறியதால்தான் பிழை வெளியே வந்தது. தப்பான விடையை ஆயிரம் முறை அச்சுப் பிசகாமல் வரவழைக்கலாம். அது ஆயிரம் முறையும் தப்புதான்.

அப்படியென்றால் இவ்வளவு பாடும் வீணா? இல்லை. இங்கேதான் நம் தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடம் கைகொடுக்கிறது. தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று மூன்றையும் ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகள் தூக்கத்திலும் சொல்வார்கள். செடிக்கு ஊற்றும் நீரின் அளவை மாற்றுகிறோம், உயரத்தை அளக்கிறோம், மண், தொட்டி, வெயில் எல்லாவற்றையும் ஒரே மாதிரி வைக்கிறோம். எதற்காக ஒரே மாதிரி வைக்கிறோம்? என்றைக்கும் மாற்றக்கூடாது என்பதற்காகவா? ஒன்றை மட்டும் வேண்டுமென்றே மாற்றும்போது, வந்த வேறுபாடு அதனால்தான் வந்தது என்று துணிந்து சொல்வதற்காக. அடுத்த சோதனையில் மண்ணே தற்சார்பு மாறி ஆகலாம்.

உறையவைத்த பெட்டி எல்லாவற்றையும் கட்டுப்படுத்தப்பட்ட மாறியாக ஆக்கிப் பூட்டிவிடுகிறது. மூலநிரலிலிருந்து கட்டிய கருவித்தொடரில் பூட்டும் உண்டு, சாவியும் உண்டு. மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும், தொகுப்பியின் பதிப்பை மட்டும் மாற்றி மறுபடி கட்டு என்று சொல்லலாம். கணித நூலகத்தை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். விடை மாறினால், எந்தக் கை மாறியதால் மாறியது என்று விரல்விட்டுக் காட்டலாம். ஃப்ரீசர்ஃபரைச் சோதித்தவர்கள் வெவ்வேறு கணினிகளை வரிசையாக வைத்துப் பாடுபட்டுச் செய்ததை, ஒரே மேசையில் உட்கார்ந்து ஓரளவுக்குச் செய்யலாம். என் பார்வையில் இந்த முறையின் உண்மையான பலம் இதுதான். ஒரே விடை வருவதைவிட, வேறு விடை வந்தால் அது எங்கே பிரிந்தது என்று தேடிப் போக ஒரு பாதை இருப்பது பெரிது. கூர்த்தெஸின் கட்டுரை முதல் பாதியைத்தான் அழுத்திச் சொல்கிறது. அதே சூழலைத் திரும்பக் கொண்டுவருவதே அதன் பெருமையாக நிற்கிறது. வேண்டுமென்றே மாற்றிப் பார்ப்பதற்கான இடம் அந்த 400 வரிக்குள்ளேயே இருந்தும், அதை அவர் போதுமான அளவு பேசவில்லை என்பது என் குறை.

இந்தக் குறையின் அருமை இன்னொரு பக்கத்திலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன், டூரிங் விருது ஏற்புரையாக எழுதியது 1984 ஆகஸ்டில் அச்சில் வந்தது. சில பக்கங்களே உள்ள உரை. அதில் அவர் காட்டியது வயிற்றைக் கலக்கும் ஒரு வித்தை. தொகுப்பியின் இருமக் கோப்புக்குள் ஒரு கள்ளத்தனத்தை ஒளித்து வைக்கலாம். அந்தக் கோப்பைக் கொண்டு தொகுப்பியின் சுத்தமான மூலநிரலைத் தொகுத்தாலும், புதிய தொகுப்பிக்குள் கள்ளத்தனம் தானாகவே போய் உட்கார்ந்துகொள்ளும். மூலநிரலை வரி வரியாகப் படித்தாலும் ஒன்றும் தெரியாது. அப்புறம் மூலநிரலிலிருந்து கட்டினேன் என்ற பெருமை எங்கே போய் நிற்கும்? தொகுப்பியைத் தொகுத்த தொகுப்பி எது, அதைத் தொகுத்தது எது? மரம் முந்தியா, விதை முந்தியா கதைதான்.

இதற்கு வந்த பதில்களில் ஒன்று டேவிட் வீலருடையது. 2009-இல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக அவர் விரிவாக எழுதிய முறை. சந்தேகத்துக்குரிய தொகுப்பியின் மூலநிரலை, அதோடு தொடர்பே இல்லாத வேறொரு தொகுப்பியைக் கொண்டு தொகு. வந்ததைக் கொண்டு அதே மூலநிரலை மறுபடி தொகு. கடைசியில் கிடைப்பது முதல் தொகுப்பியோடு பிட்டுக்குப் பிட்டு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் எங்கோ இடிக்கிறது. பாருங்க, இங்கேயும் வேண்டுமென்றே செய்யும் மாற்றம்தான் சாட்சி. இரண்டு கையெழுத்துத் திருத்துநர்கள் தனித்தனியே திருத்தி ஒரே மதிப்பெண் போட்டால் நமக்கு நிம்மதி வருகிறதே, அந்த மாதிரி.

இன்னொரு பதில், விதையையே சிறுக்க வைப்பது. கீக்ஸ் தன் முதல் கட்டுமானத்துக்கு நம்பி எடுத்துக்கொண்ட தயார்நிலை இருமக் கோப்புகள் ஒரு காலத்தில் சுமார் 250 மெகாபைட். 2020 ஜூனில் அதைக் கால் பங்காகக் குறைத்தார்கள். 2023-இல் 357 பைட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மெகாபைட் இல்லை, வெறும் பைட். கணினியில் 'தமிழ்' என்ற சொல்லை வழக்கமான யுனிகோடு முறையில் சேமிக்க 15 பைட் வேண்டும். 23 முறை எழுதினால் 345 பைட் ஆகிவிடும். அவ்வளவு சிறிய ஒரு நிரல். அது செய்வதும் ஒன்றே ஒன்றுதான்: பதினாறடிமான எண்களை வாசித்து அவற்றைப் பைட்டாக எழுதும். அதைக் கொண்டு அதைவிடக் கொஞ்சம் கெட்டிக்கார நிரல், அதைக் கொண்டு இன்னொன்று, பிறகு ஒரு சின்ன சி மொழித் தொகுப்பி, பிறகு மெஸ், டைனிசிசி, 1999-இல் தொடங்கிய ஜிசிசி 2.95 வரிசையின் ஒரு பதிப்பு என்று ஏறி ஏறி இன்றைய தொகுப்பிகள் வரை வந்து சேர்கிறது. 22,000-க்கு மேற்பட்ட மென்பொருள்கள் அந்த 357 பைட்டின் மேல் நிற்கின்றன. அந்த விதையை ஒருவர் ஒரு மாலைப்பொழுதில் உட்கார்ந்து பைட் பைட்டாகப் படித்து முடித்துவிடலாம். ஆனாலும் முழுத் தூய்மை இன்னும் வரவில்லை. இந்தக் கட்டுமானத்தை முன்னின்று நடத்தும் கைல் என்ற நிரல் இன்றும் தயார்நிலையில்தான் வருகிறது; கீழே ஒரு கெர்னலும் வேண்டும். செய்தவர்களே அதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். 2020-ஆம் ஆண்டுக் கட்டுரை, இந்த 357 பைட்டுக்கு முந்தைய அடித்தளத்தின் மேல் எழுதப்பட்டது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதைப் படிக்கும்போது தாம்ப்சனின் கேள்வி கட்டுரையின் அடியில் விடை கிடைக்காமல்தான் கிடக்கிறது.

காலமும் சும்மா இருப்பதில்லை. மூலநிரல் இருந்த இணைய முகவரி ஒருநாள் காணாமல் போகும். இதற்காகவே இன்ரியா 2016-இல் மென்பொருள் மரபுக் காப்பகம் ஒன்றைத் தொடங்கி, உலகின் மூலநிரல்களைச் சேர்த்து வருகிறது. கீக்ஸும் மூலம் கிடைக்காதபோது அங்கே போய்த் தேடும். அதைவிட விசித்திரமான சிக்கல் ஒன்று உண்டு. சில மென்பொருள்களைக் கட்டும்போது, சரியாக வேலை செய்கிறதா என்று ஒரு சோதனையும் சேர்ந்து ஓடும். அந்தச் சோதனைக்குள் காலாவதித் தேதி போட்ட பாதுகாப்புச் சான்றிதழ் இருக்கும். தேதி தாண்டியபின் கட்டினால் சோதனை தோற்கும், கட்டுமானமும் நின்றுவிடும். நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை, செய்முறையிலும் மாற்றமில்லை; நாட்காட்டி மட்டும் மாறியது! மூடிய அறைக்குள் எல்லாவற்றையும் அடைத்தவர்கள் கடிகாரத்தை அடைக்க மறந்தார்கள்.

இத்தனைக்கும் பிறகு எனக்கு ஒரு மனக்குறை மிஞ்சுகிறது. 2006-ஆம் ஆண்டு ஆய்வில் கூர்த்தெஸ் பங்கெடுத்தவர். 2020-இல் மீள்செய்கை செய்ததும் கூர்த்தெஸ். இடையில் பயன்பட்ட கருவியைத் தொடங்கியதும் கூர்த்தெஸ். சவாலின் விதியே சொந்தக் கட்டுரையை எடு என்பதுதான், அதனால் இது அவர் குற்றமில்லை. ஆனாலும் இதைவிடச் சாதகமான ஓர் ஆளை எங்கே தேடுவது? மற்றவர் மறந்துபோன நுணுக்கம் எல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். கருவி இடக்குப் பண்ணினால் கருவியையே திருத்திக்கொள்ள அவரால் முடியும். படைத்தவரே திறனாய்வாளராக இருக்கும் நூலுக்கு நாம் எவ்வளவு மதிப்பெண் போடுவோம்?

கட்டுரையின் 400 வரியை, அந்தச் சோதனையைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவர், வேறொரு நாட்டில், வேறொரு கணினியில், 2030 வாக்கில் எடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். முதலில் அப்படியே. பிறகு தொகுப்பியை மட்டும் மாற்றி ஒருமுறை. அப்போது வரும் வரைபடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் எழுதும் கட்டுரையைத்தான் நான் படிக்க ஆசைப்படுகிறேன். அதை எழுதுகிறவர் கூர்த்தெஸாக இருக்கக் கூடாது.